பட்டியலில் பேர் வராத பையனுக்கு: கோவில்பட்டி விடுதியா, நாகர்கோவில் காலைப் பயிற்சியா?

அக்கா போன் பண்ணும்போதே குரல் சரியில்லை. "பிள்ள சாயங்காலம் வந்ததில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல்லடே. ஹாக்கி டீம் லிஸ்ட் போட்டாச்சாம். அவனுக்க பேரு இல்லியாம்." தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற அவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேரும்போது மழை பிடித்துவிட்டது. பையன் திண்ணையில் ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியில் சுற்றிய கிரிப்பைப் பிரிப்பதும் திரும்பச் சுற்றுவதுமாக இருந்தான். உள்ளே போனதும் அத்தான் சொன்ன முதல் வார்த்தை, "நல்லதாப் போச்சு மாப்ளே. இனி பத்தாங்கிளாஸ் ஒழுங்காப் படிக்கட்டு."

அன்று ராத்திரி தொடங்கிய பேச்சு ஒன்றரை மாதம் ஓடியது. ஆளுக்கொரு வழி சொன்னோம். ஒவ்வொரு வழியையும் விசாரித்து, போய்ப் பார்த்து, நோட்டில் எழுதி வைத்தேன். இதே நிலையில் இருக்கிற வேறு வீடுகள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் என்பதால் அந்தக் கணக்கை இங்கே விரித்து வைக்கிறேன். எனக்கு இதில் சொந்தக் காயமும் உண்டு, அதையும் மறைக்கப்போவதில்லை.

முதலில் அந்தப் பட்டியலையே எடுத்துப் பார்த்தோம். பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. வயதை ஜனவரி முதல் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2025இல் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 2009 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வரலாம். எங்கள் பையன் 2010 நவம்பர். அவனோடு ஒரே செலக்‌ஷனில் நின்ற மூத்த பையனுக்கும் அவனுக்கும் 22 மாதம் வரை இடைவெளி இருக்கலாம். அந்த வயதில் 22 மாதம் என்றால் ஒருவனுக்கு மீசை அரும்பி, தோள் விரிந்திருக்கும். இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. ஆண்பிள்ளைகள் சராசரியாகப் பதினாலு வயதை ஒட்டித்தான் சடசடவென்று உயர்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் கூடுவது சாதாரணம். சிலருக்கு அது பதினைந்து, பதினாறில்தான் வரும். இவன் இப்போது ஐந்தடி ஒரு அங்குலம். அத்தான் ஐந்தடி ஒன்பது, அக்காவும் நல்ல உயரம். இவனுக்கு அந்த வருடம் இன்னும் வரவே இல்லை.

இந்தச் சிக்கலை உலகத்துக்கு முதலில் எடுத்துக் காட்டியதும் ஒரு ஹாக்கிதான். பனித்தரையில் ஆடும் ஹாக்கி. கனடாவில் 1985இல் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவரோடு ஆராய்ந்தவர்களும், சிறந்த இளையோர் அணிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் குவிந்து கிடப்பதையும், ஆண்டுக் கடைசியில் பிறந்தவர்கள் அரிதாக இருப்பதையும் எழுதினார்கள். அங்கேயும் கணக்கு ஜனவரி முதல் தேதியில்தான் தொடங்குகிறது. 2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. வட அமெரிக்கத் தொழில்முறை லீகுக்கு ஆள் எடுக்கும்போது, ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களைப் பின்வரிசையில் எடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்த வரிசைக்கு எதிர்பார்த்ததைவிட அதிக ஆட்டம் ஆடி, அதிகப் புள்ளி எடுக்கிறார்கள் என்றது அது. ஆட்டம் வேறு, தரை வேறு. பிள்ளைகளின் எலும்பு வளர்கிற விதம் எங்கேயும் ஒன்றுதான்.

இதை அத்தானிடம் சொன்னேன். "அப்போ பி.டி. சார் தப்பா எடுத்துட்டாருங்கியா?" என்று கேட்டார். இல்லை. அந்த வருடம் குறுவட்டப் போட்டியில் ஜெயிக்க வேண்டிய டீமை அவர் எடுத்தார். இன்னும் மூன்று வருடத்தில் யார் நன்றாக ஆடுவான் என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அது வீட்டின் வேலை.

என் கதை சுருக்கமாக. நானும் பள்ளிக்கூடத்தில் டீமில் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் என் பெயரை எழுதி, பிறகு அடித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருந்தார்கள். அடித்த கோட்டுக்குக் கீழே என் பெயர் தெரிந்தது. அந்தத் தாளின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதன்பின் ஒரு வருடம் வீட்டுப் பின்பக்கச் சுவரில் பந்தைத் தள்ளித் தள்ளி, அது திரும்பி வரும்போது நிறுத்தப் பழகினேன். கல்லூரி முதலாண்டில் நான்கு அங்குலம் வளர்ந்தேன். இரண்டாமாண்டில் கல்லூரிக்கு லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன்), மூன்றாமாண்டில் பல்கலைக்கழகக் கேம்ப். அதற்கு மேல் போகவில்லை. எனக்கு வேலை கிடைத்தது தேர்வு எழுதித்தான். ஆனாலும் அந்த மூன்று வருடம் என் வாழ்க்கையில் நடந்தது. அடித்த பெயரோடு நின்றிருந்தால் நடந்திருக்காது.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

அத்தான் சொன்ன வழி, ஸ்டிக்கைப் பரணில் போட்டுவிட்டுப் படிப்பது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடை வைத்துப் பிழைக்கிற மனிதர். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில்தான் பதினொன்றில் எந்த குரூப் என்பது தீர்மானமாகும். விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான், பையனே அதை எடுத்தால். இவன் எடுக்கவில்லை. காலை ஒன்றரை மணி நேரத்தை மிச்சப்படுத்தினால் அது புத்தகத்துக்குப் போகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மூன்று வாரம் ஸ்டிக்கைத் தொடாமல் இருந்தபோது அது போனுக்குத்தான் போனது என்று அக்காவே சொன்னாள்.

கால்பந்துக்கு மாறச் சொன்னவர்களும் உண்டு. நம் கடற்கரை ஊர்களில், தூத்தூர்ப் பக்கமெல்லாம், பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே பந்தை உதைக்கிறார்கள். பதினைந்து வயதில் அவர்களோடு புதிதாகப் போய் நிற்பது, இங்கே இருக்கிற பின்தங்கலைவிடப் பெரிய பின்தங்கல்.

உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு நடுவில்தான். அடுத்த மே மாதம் அரசு விளையாட்டு விடுதிக்கு ட்ரையல் கொடுத்துக் கோவில்பட்டி போவது ஒன்று. வீட்டிலிருந்தபடியே நாகர்கோவிலில் காலைப் பயிற்சிக்குப் போய், பிளஸ் டூ முடித்து, ஹாக்கி டீம் உள்ள கல்லூரியில் சேர்வது மற்றொன்று.

கோவில்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊருக்கு ஹாக்கிதான் உயிர். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியைப் பார்க்க நான் இரண்டு முறை போயிருக்கிறேன். ஆட்டோ ஓட்டுகிற அண்ணாச்சிகூட பெனால்டி கார்னரில் (கோலுக்குப் பக்கத்தில் தப்பு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கிற அடி) யார் முதலில் பாய்ந்து ஓட வேண்டும் என்று விமர்சிப்பார். டர்ஃப் என்கிற செயற்கைப் புல் தரை இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியும் இருக்கிறது. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேலும் எஸ்.கார்த்தியும் அங்கே பயிற்சி பெற்றவர்கள். மாரீஸ்வரனுக்குச் சொந்த ஊரே கோவில்பட்டி. கார்த்தி அரியலூரிலிருந்து வந்தவர். 2023இல் சென்னையில் மலேசியாவை 4-3 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை எடுத்த அணியிலும் அவர் ஆடினார். வெளியூர்ப் பையன் விடுதிக்குப் போய் இந்திய அணிவரை ஏற முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விடுதிச் சேர்க்கையில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில்தான் ஆள் எடுக்கிறார்கள். பத்திலும் பன்னிரண்டிலும் பொதுத்தேர்வு என்பதால் அங்கே வாசல் இல்லை. அதாவது பத்தாம் வகுப்பில் டீமில் இடம் கிடைக்காத பையனுக்கு, அந்தக் கோடையில் ஒரே ஒரு வாசல் திறக்கிறது. அதைத் தவறவிட்டால் பள்ளிப் பருவத்தில் மறுபடி இல்லை. அந்த அவசரம்தான் பல வீடுகளை யோசிக்கவிடாமல் தள்ளுகிறது. அக்காவும் அதில்தான் இருந்தாள்: "ஒரே சான்ஸுல்லா, விடலாமா?"

நான் கேட்டது வேறு கேள்வி. போய்ச் சேர்ந்தால் இவனுக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் மேட்ச் ஆடக் கிடைக்கும்? ஏழாம் வகுப்பிலிருந்தே அங்கே இருக்கிற பையன்கள், டர்ஃபில் நான்கு வருடம் ஆடிய கால்கள். நம் ஊர்த் தரையில் பந்து துள்ளிக்கொண்டு வரும். நிமிர்ந்து நின்று நிறுத்திவிடலாம். தண்ணீர் தெளித்த டர்ஃபில் அது வழுக்கிக்கொண்டு பாயும். இடுப்பை மடித்து, ஸ்டிக்கைத் தரையோடு படுக்கப்போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அந்தக் குனிவு உடம்பில் ஊற ஒரு வருடமாவது பிடிக்கும். அதுவரை பெஞ்ச். ஹாக்கியில் ஆளை மாற்ற எண்ணிக்கை வரம்பு கிடையாது, வெளியே வந்தவன் எத்தனை தடவையும் திரும்ப உள்ளே போகலாம். ஆனாலும் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் எந்தக் கோச்சும் பன்னிரண்டு, பதின்மூன்று பேரைத்தான் சுற்றிச்சுற்றி விடுவார். பிளஸ் ஒன்னில் பெஞ்ச், பிளஸ் டூவில் பாதி பெஞ்ச், பொதுத்தேர்வு, முடிந்தது.

அதற்கும் முன்னால், ட்ரையலே இருக்கிறது. அங்கேயும் உயரம், ஓட்டம், தாண்டல் என்று உடம்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பள்ளியில் எந்தக் காரணத்துக்காகப் பெயர் விட்டுப்போனதோ அதே காரணம் அதே வருடத்தில் மறுபடி நிற்கும். ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவை "இல்லை" என்று கேட்கிற பையன் அதை எப்படித் தாங்குவான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனாலும் ட்ரையலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாவட்டத்தில் நன்றாக ஆடுகிற அத்தனை பையன்களையும் ஒரே நாளில் பார்க்கலாம்; பார்த்து வருவதற்காகவே போகலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இனி வீட்டிலிருந்து போகிற வழி. இதில் பளபளப்பு எதுவும் இல்லை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். விடியுமுன் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, அண்ணா விளையாட்டரங்கத்தில் காலை ஆடி, குளித்து, பள்ளிக்கூடம் ஓட வேண்டும். நமக்கு இரண்டு மழை; ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. தரை சேறாகிப் பயிற்சி நின்றுபோகிற நாட்கள் உண்டு. பெரிய கோச் கிடையாது. இருப்பவர்கள் கல்லூரிப் பையன்கள், போலீஸ் வேலை, வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிற அண்ணன்மார், என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற நாற்பதைத் தாண்டியவர்கள்.

ஆனால் அங்கே ஆள் எப்போதும் குறைவு. வருகிறவன் எல்லோரும் ஆட வேண்டும். போன ஞாயிறு ஒரு பக்கம் ஒன்பது பேர், இன்னொரு பக்கம் எட்டு. எட்டுக்காரர்கள் பக்கம் இவனை நிறுத்தினோம். ஒன்றரை மணி நேரத்தில் அவன் ஸ்டிக்குக்குப் பந்து எத்தனை தடவை வந்தது என்று நான் எண்ண ஆரம்பித்து, அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். பள்ளி டீமில் பதினாறாவது ஆளாக இருந்திருந்தால் ஒரு மாதத்திலும் அத்தனை வந்திருக்காது. என் தீர்ப்பு முழுக்க இந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது. பிந்தி வளர்கிற பையனுக்கு வேண்டியது வளரும்வரை பந்தோடு இருக்க ஓர் இடம். கோப்பையும் சான்றிதழும் அதற்கு அப்புறம்.

பெரியவர்களோடு ஆடுவதில் வேறொரு லாபமும் உண்டு. வேகத்தில் அவர்களை வெல்ல முடியாத சின்ன உடம்பு, பந்து வருமுன்பே எங்கே போய் நிற்க வேண்டும் என்று பார்க்கக் கற்றுக்கொள்கிறது. உடம்பு பெரிதாக இருந்ததால் பதினாலு வயதிலேயே எல்லோரையும் இடித்துத் தள்ளிப் போனவன் இதைக் கற்றுக்கொள்வதில்லை. மற்றவர்களும் வளர்ந்துவிட்ட பிறகு அவன் திகைத்து நிற்பதை நான் கல்லூரியில் பார்த்தேன். என் பள்ளி டீமில் கேப்டனாக இருந்தவனுக்கு அதுதான் நடந்தது. நல்ல பையன். இரண்டாமாண்டோடு வருவதை நிறுத்திவிட்டான்.

கல்லூரிக்குப் பிறகு வாசல்கள் விரிகின்றன. நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணி, அங்கிருந்து தென்மண்டலப் போட்டி. 25 வயதுவரை அதில் ஆடலாம். முதலமைச்சர் கோப்பையிலும் கல்லூரிப் பிரிவு 17 முதல் 25 வயதுவரை. ஜூனியர் உலகக் கோப்பையே 21 வயதுக்குட்பட்டோருக்கானது; அது 2025இல் நம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. பத்தாம் வகுப்பில் கதை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்த வயதுகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம். இன்னொன்று, எங்கள் பையன் அடுத்த ஆண்டும் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் வருகிறான். பதினொன்றாம் வகுப்பில் அதே பள்ளி டீமுக்கு அவன் மறுபடி நிற்கலாம். இது அவனுக்கே தெரியாமல் இருந்தது.

இந்த வழிக்குக் குறை இல்லாமல் இல்லை. காலேஜ் முடியும்வரை டர்ஃபைத் தொடாமலே போய்விடலாம். வேலைவாய்ப்பு என்று பார்த்தால், தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது தேசிய, பன்னாட்டு அளவில் ஆடியவர்களுக்கு. கல்லூரி டீம் சான்றிதழ் அங்கே எட்டாது. அந்தக் கணக்கில் விடுதிதான் முந்தும். இதை அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

ஊரும் ஒரு கணக்கு. தக்கலையில் இருப்பதால் நாகர்கோவில் கைக்கெட்டுகிறது. அருமனையிலோ குலசேகரத்துக்கு மேலேயோ வீடு என்றால் காலை ஆறு மணிக்கு கிரவுண்டில் நிற்பது நடக்காது. அந்தப் பையனுக்குப் பெஞ்சோ எதுவோ, விடுதிதான் சரி.

பெண்பிள்ளைகளுக்கு என் பதில் தலைகீழ். அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பிள்ளை, எட்டாம் வகுப்பு, நன்றாக ஆடுவாள். பள்ளியில் பெண்களுக்கு டீமே இல்லை. தேர்வாகவில்லை என்று சொல்லக்கூட வழியில்லை. காலைப் பயிற்சிக்கு வந்தாலும் அவளோடு ஆட இரண்டு பேர், மூன்று பேர். பதினொரு பேர் சேர்ந்து ஆடாமல் ஹாக்கி வராது. பெண்பிள்ளைகள் வளர்ந்து முடிப்பதும் முந்தித்தான். அதனால் காத்திருப்பதில் பையன்களுக்குக் கிடைக்கிற லாபமும் அவளுக்குக் குறைவு. அவள் அம்மாவிடம் நான் சொன்னது ஒரே வார்த்தை: விடுதி ட்ரையலுக்கு விண்ணப்பம் போடுங்கள் அக்கா, இந்தக் கோடையே.

இந்த இரண்டு வழிக்கும் குறுக்கே இன்னொரு யோசனை ஓடியது: இடத்தை மாற்றினால் என்ன? கோல் கீப்பர். பிந்தி வருகிறவர்களுக்கு ஹாக்கியில் அகலமாகத் திறந்திருக்கிற கதவு அது. காரணம் எளிது, அந்த இடத்துக்குப் பெரும்பாலான பிள்ளைகள் ஆசைப்படுவதில்லை. 156 கிராமுக்குக் குறையாத கட்டிப் பந்து முகத்துக்கு நேரே வரும்.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. எர்ணாகுளம் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த பி.ஆர்.ஸ்ரீஜேஷ், நம் களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்தில் இருக்கிற ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் பன்னிரண்டு வயதில் சேரும்போது ஹாக்கிக்காரர் இல்லை. ஓட்டம், நீளம் தாண்டல், வாலிபால் என்றுதான் இருந்தார். கோல் காக்கச் சொன்னது அங்கிருந்த கோச். கீப்பர் உடுப்பு வாங்க அவருடைய அப்பா பசுவை விற்றார். 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனியின் கடைசி நொடி பெனால்டி கார்னரைத் தடுத்து 5-4 என்று வெண்கலத்தைக் காத்தவர் அவர். அடுத்து 2024 பாரிஸ் காலிறுதியில் ஆட்டத்தின் பெரும்பகுதி பத்தே பேரோடு நின்ற இந்தியாவை பிரிட்டனுக்கு எதிரே ஷூட் அவுட்வரை இழுத்துக் கரைசேர்த்தார். கீப்பருக்கு வயது ஏற ஏற மெருகு ஏறும். பனி ஹாக்கியிலும் அப்படியே: டிம் தாமஸ் என்ற கோல் கீப்பர் ஐரோப்பிய லீகுகளில் எல்லாம் அலைந்துவிட்டு, முப்பதைத் தாண்டித்தான் அமெரிக்கத் தொழில்முறை லீகில் நிலைத்தார். 2011இல், 37 வயதில், கோப்பை வென்று இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரர் என்றும் பெயர் எடுத்தார்.

பையனிடம் கேட்டேன். "கீப்பர் நிப்பியா மக்கா?" யோசித்தே பதில் சொன்னான். "இல்ல மாமா. எனக்கு ஓடணும்." அதோடு அந்தப் பேச்சை விட்டேன். கீப்பர் இடம் பயந்துகொண்டே நிற்கிற இடமில்லை, விரும்பாதவனை நிறுத்தக் கூடாது. வேறு பையனாக இருந்து, கை கால் நீளமாகவும் ஓட்டம் மந்தமாகவும் இருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். செலவு பெரிது. பள்ளியிலோ கிளப்பிலோ பழைய உடுப்பு கிடைக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பசுவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

டிராக் ஃப்ளிக்கும், அதாவது பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கோடு இழுத்துக் கோலுக்கு வீசுகிற வித்தையும், பிந்திக் கற்கத் தக்கதுதான். ஆனால் அதில் முதுகும் இடுப்பும் முறுக்கி வேலை செய்கின்றன. வளர்ந்து முடியாத பையன் நாள்தோறும் ஐம்பது தடவை இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பட்டாளம். நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு பட்டாளக்காரர் இருக்கிறார் என்பதால் இந்த யோசனையும் வந்தது, பக்கத்து வீட்டுத் தாத்தா மூலமாக. இதற்குப் பெரிய முன்னோடி தியான் சந்த்தான். 1905இல் பிறந்தவர், சிறுவயதில் மல்யுத்தத்தில்தான் அவருக்கு ஈடுபாடு. 1922இல் பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் ஹாக்கியை முறையாகப் பிடித்தார். 1926இல் நியூசிலாந்துப் பயணம், 1928, 1932, 1936 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம். இந்திய ஹாக்கியின் ஆகப் பெரிய பெயர், பள்ளி டீம் வழியாக வந்த பெயர் இல்லை. இதைச் சொன்னபோது பையனின் முகம் மாறியது. அன்று ராத்திரி இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றான். ஆனால் இன்றைய வழி வேறு. பதினேழரை வயதில் அக்னிவீரராகச் சேரலாம். நான்கு ஆண்டு வேலை, அதன்பின் நிரந்தரமாவது நான்கில் ஒருவர். ஆட்டத்துக்காக மட்டும் எடுக்கிற முடிவாக அது இருக்க முடியாது. தாத்தாவும் அதை ஒத்துக்கொண்டார்.

கடைசியில் முடிவானது இது. பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வீட்டிலிருந்தே. வாரத்தில் மூன்று காலை நாகர்கோவில், மற்ற நாட்களில் வீட்டுச் சுவர். பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் ஞாயிறு மட்டும். மே மாத விடுதி ட்ரையலுக்கு நானே கூட்டிப்போவேன். இடம் கிடைத்தால் அப்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம். பதினொன்றில் பள்ளி டீமுக்கு மறுபடி பெயர் கொடுக்கிறான். கல்லூரி சேரும்போது பாடத்தை முதலில் பார்த்து, ஹாக்கி டீம் இருக்கிறதா என்று இரண்டாவதாகப் பார்க்கிறோம். இந்த வரிசை அத்தானுக்காக.

புது ஸ்டிக் வாங்க வேண்டியிருந்தது, பழையது நுனியில் பிளந்துவிட்டது. அளவு கேட்டு அத்தானே போன் போட்டார். பெரியவர்கள் பிடிப்பது 36.5 அங்குலம். வளருகிற பையன்தானே என்று அதையே வாங்கிவிடலாம் என்பது அவர் எண்ணம், பள்ளிச் சட்டையை ஒரு அளவு கூட்டித் தைப்பது போல. அப்படி வாங்கினால் கைப்பிடி வயிற்றில் இடிக்கும், குனிய முடியாது, நிறுத்தவும் தள்ளவும் கை தப்பாகப் பழகிவிடும். பக்கத்தில் நிறுத்தி வைத்தால் இடுப்பெலும்பு வரை வர வேண்டும். இவனுக்கு இப்போதைக்கு 35 போதும் என்றேன்.

"அப்போ வளந்தா வேற வாங்கணுமா மாப்ளே?"

"வாங்கணும் அத்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடையில் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்கிற ஒலி கேட்டது.

"செரி. வளரட்டு. வாங்கிக்கலாம்."